வெப்சைட்டில் போட்ட நம்பர்

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் முஸ்பிறா தைக்கும் அபாயா அங்கிகளுக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். ஆனால் ரெடிமேட் கடைகள் பெருகிய பிறகு, பெருநாள் காலத்தை விட்டால் அவளுடைய முன்னறைக்கு ஆள் வருவது குறைந்துபோனது. வெளியூர்க்காரர்களும் பார்க்கட்டும் என்று ஓர் இணையத்தளம் செய்ய முடிவெடுத்தாள்.

காரைதீவிலிருந்து கிசோக் வந்தான். கல்முனையில் பல கடைகளுக்குத் தளம் செய்துகொடுத்தவன். கம்பியில் தொங்கிய அபாயாக்களைப் படம்பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"காயப்போட்ட உடுப்பு மாதிரி இருக்கு அக்கா. ஒராள் போட்டு நிண்டாத்தான் எடுபடும்."

முஸ்பிறாவின் மச்சி, கணவனின் தங்கை அஸ்மியா, முகம் தெரியாமல் எடுப்பதானால் நிற்கிறேன் என்றாள். கடற்கரைக் காற்றில் பாதிப் படங்கள் வீணாகின. மிச்சம் அழகாகவே வந்தன. கிசோக் எழுதி வந்திருந்த 'உலகத் தரம்', 'ஒப்பற்ற கலையழகு' எல்லாவற்றையும் முஸ்பிறா வெட்டச் சொன்னாள்.

"அளவெடுத்துத் தைப்பம் எண்டு போடுங்க தம்பி. அது போதும்."

அதுவரை எதிலும் தலையிடாத அவள் கணவன் றிம்சான், நம்பர் போடும் இடத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றான். அவன் ஓட்டோ ஓட்டுபவன்.

"உன்ட நம்பரப் போட்டா கண்டவனும் போன் எடுப்பான். என்ட நம்பரப் போடு. ஓடர் வந்தா நான் கேட்டு உனக்குச் செல்றன்."

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு மாதம் போனது. தளத்தை நிறையப் பேர் பார்க்கிறார்கள் என்று கிசோக் சொன்னான். ஓடர் ஒன்றும் வரவில்லை. விலை கூடிவிட்டதோ, படம்தான் சரியில்லையோ என்று முஸ்பிறா குழம்பினாள்.

அப்போதுதான் வரிப்பத்தான்சேனையிலிருந்து றஹீமா என்ற நடுத்தர வயதுப் பெண் இரண்டு பஸ் மாறி வந்திறங்கினாள்.

"மூணு தரம் எடுத்தன் தங்கச்சி. ஒவ்வொருக்காலும் ஆம்பிளக் குரல். வெச்சிட்டன். விலாசத்தக் கேட்டுக் கேட்டு வந்தன்."

"அது எங்கட வீட்டுக்காரர்தான் ராத்தா. அவருக்கிட்டயே செல்லியிருக்கலாமே."

றஹீமா வாசல் பக்கம் பார்த்தாள். முஸ்பிறா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒப்பரேசன்ல ஒரு பக்க மார்ப எடுத்துட்டாங்க. என்ன போட்டாலும் அந்தப் பக்கம் ஒட்டிக் கிடக்கு. கலியாண வீடொண்டுக்கும் நான் போறல்ல. இத ஒரு ஆம்பிளக்கிட்ட என்னண்டு செல்ற?"

 முஸ்பிறா அளவு நாடாவை எடுத்து, தழும்பில் அழுத்தாமல் பிடித்து அளந்தாள்.

அன்று மாலை றிம்சானிடம் பேச்செடுத்தாள்.

"ஓம், கன பேர் எடுத்தாங்க. ஹலோ எண்டதும் வெச்சிருவாங்க. பிழையான நம்பர் எண்டு நினைச்சன்," என்றான் அவன். "இண்டைக்கி வந்தவக்கி என்ன விசயமாம்?"

"அத உங்களுக்கும் செல்ல ஏலா. அதுக்குத்தான் என்ட நம்பர் வேணும்."

"கண்டவனும் எடுத்தா?"

"எடுத்தா வெச்சிருவன். எனக்கும் வெக்கத் தெரியும்."

 மறுநாள் றிம்சான் புது சிம் ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தான்.

அடுத்த கிழமை றஹீமா போட்டுப் பார்க்க வந்தாள். அபாயாவின் உள்ளே, அந்தப் பக்கத்தில், மெல்லிய பருத்தித் துணியில் பை வைத்து, பஞ்சு நிரப்பித் தைத்திருந்தது. கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "சரியா இரிக்கி," என்றாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதாள். முஸ்பிறா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ராத்தா, இப்பிடியும் தைப்பம் எண்டு வெப்சைட்ல போடட்டா?"

"என்ட பேரில்லாமப் போடுங்க. என்னப் போல இன்னும் ஆக்கள் இரிப்பாங்க."

கிசோக் நம்பரை மாற்றி, பெண்தான் பேசுவார், சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் அளவு பார்த்துத் தைப்போம் என்று ஒரு வரி சேர்த்தான். முதல் வாரமே இரண்டு ஆண்கள் வீண்கதை கதைக்க எடுத்தார்கள். இருவரின் நம்பரையும் முடக்கிவிட்டு, றிம்சானிடமும் சொன்னாள். அவன் முணுமுணுத்தான், ஆனால் நம்பரைத் தளத்திலிருந்து எடுத்துவிடு என்று சொல்லவில்லை.

ஓடர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. துணி வெட்டுவதற்கு அஸ்மியாவைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு நாள் பொத்துவிலிலிருந்து அழைப்பு வந்தது. ஊரைச் சொன்ன பெண், மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தைக்கிறவ," என்றாள் முஸ்பிறா. "பக்கத்தில ஒருத்தரும் இல்ல. ஆறுதலாச் செல்லுங்க."