ஒரே மேளம், இரண்டு மாமன்கள்

என் காது குத்துக்கு மூன்று முறை நாள் குறித்தார்கள். மூன்று முறையும் தள்ளிப்போனது. முதல் முறை வீட்டில் ஒரு சாவு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்த இரண்டு முறையும் காரணம் என் தாய்மாமன்கள்.

பெரிய மாமா மார்க்கையன்கோட்டையில் விவசாயம் பார்த்தார். சின்ன மாமா பழனிசெட்டிபட்டியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாகம் பிரித்த பூர்வீக நிலத்தில், வாய்க்கால் முறைத் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்று தொடங்கிய சண்டை, ஒருவர் இருக்கும் பந்தலில் மற்றவர் கால் வைக்கமாட்டார் என்ற அளவுக்கு வந்திருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஒருவரை மட்டும் மடிக்கு அழைத்தால், இன்னொருவர் வீட்டுக்கு அம்மா அப்புறம் போகவே முடியாது. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை என் காதில் ஓட்டையில்லை. பள்ளி ஆண்டுவிழா நடனத்துக்குத் தொங்கட்டானை நூலில் கட்டிக் காதில் மாட்டிவிட்டார்கள். ஆடும்போது ஒன்று கழன்று விழ, அடுத்தவள் அதை மிதித்தாள்.

நான்காவது முறை அம்மா இரண்டு அண்ணன்தம்பி வீட்டுக்கும் மாறிமாறி நடந்து ஒரு ஒப்பந்தம் செய்துவந்தாள். பெரியகுளத்தில் எங்கள் வீடு தெருவின் நடுவில் இருந்தது. பெரிய மாமா பிள்ளையார் கோயில் முனையிலிருந்து சீர் கொண்டுவருவார். சின்ன மாமா பஸ் நிறுத்தத்து முனையிலிருந்து. யார் மடி என்பதை மட்டும் அம்மா பேசாமல் விட்டுவிட்டாள். ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய வைகாசியில், முகூர்த்த நாள் ஒன்றில், சின்ன மாமா என்னைப் பைக்கில் தேனிக்குக் கூட்டிப்போனார்.

"மாமன் சீரு வந்தா தெருவே திரும்பிப் பாக்கணும்த்தா. ஒனக்கு எந்த மேளம் புடிச்சிருக்கோ, அதுதான். ஆனா மார்க்கையன்கோட்டைக்குச் சேதி போகக்கூடாது."

அழைப்பில்லாத கல்யாணங்களுக்குப் போய் மேளம் கேட்பது அவருடைய முறை. முதல் மண்டபத்தில் மெல்லிசைக் குழு. கீபோர்டுக்குப் பின்னால் இருந்தவர் பூரி தின்றுகொண்டே ஒரு கையால் வாசித்தார். பாடிய அக்கா ஒவ்வொரு பாட்டுக்கு இடையிலும் மாப்பிள்ளை பெயரை மாற்றிச் சொன்னாள். இரண்டாவது மண்டபத்து வாசலில், குமுளியைத் தாண்டி வந்திருந்த செண்டை மேளம். வெள்ளை வேட்டி கட்டிய இருபது பேர் வரிசையாக நின்று அடித்தார்கள். என் வயிற்றுக்குள் யாரோ நடப்பது போலிருந்தது. மாமா "கொள்ளாம், கொள்ளாம்" என்று பாராட்டியே தனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதையும் செலவழித்தார். அங்கேதான் சாப்பிட்டோம். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று ஒருவர் கேட்டதற்கு, "புள்ளைக்குப் பசிக்குதுங்க" என்றார்.

மூன்றாவது, அல்லிநகரத்தில் இரண்டு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் ஒரு தாளமும் கொண்ட சிறிய குழு. வாசித்து முடித்த தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வெறித்துப் பார்த்ததைக் கண்டு ஒன்றை என் விரலில் மாட்டி, "தட்டு தாயி" என்றார். தட்டினேன். அவ்வளவு சின்ன விரலிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"இதுதான் மாமா," என்றேன். நாதஸ்வரக்காரர்தான் குழுவுக்குத் தலைவர். அவரிடம் மாமா வெற்றிலை பாக்கு வைத்து, என் பெயரும் தேதியும் தெருவும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு பெரிய மாமா வாழைத்தாருடன் வந்தார். அம்மா அடுக்களைக்குள் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏத்தா, ஒனக்கு எந்த மேளம் புடிக்கும்? பழனிசெட்டிபட்டிக்காரனுக்கு மூச்சு விடக்கூடாது." எனக்குப் பிடித்தது எதுவென்று எனக்குத் தெரியும். சொன்னேன். இரண்டு ரகசியத்தையும் ஒரு சொல் வெளியே விடாமல் காப்பாற்றினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

விசேஷத்தன்று காலை ஒன்பது மணிக்கு மேளக்காரர்களின் வேன் நேராகப் பந்தல் வாசலுக்கே வந்து நின்றது. இரண்டு முனையிலிருந்தும் இரண்டு மாமாக்களும் அதை அழைத்துப்போக வந்தார்கள்.

"வாங்கய்யா, எல்லாரும் பிள்ளையார் கோயில்ட்ட நிக்காக," என்றார் பெரிய மாமா.

"நாயனக்காரண்ணே, அவுக வேற யாரையோ கூப்புடுறாக. நீங்க பஸ் ஸ்டாப்புக்கு வாங்க," என்றார் சின்ன மாமா.

நாதஸ்வரக்காரர் இருவரையும் பார்த்தார். "ரெண்டு பேரும் வந்து தாம்பூலம் வச்சீக. ஒரே புள்ள, ஒரே தேதி, ஒரே தெரு. அண்ணந்தம்பியாச்சே, தம்பி சொன்னத அண்ணன் ஞாபகப்படுத்த வந்திருக்காகன்னு நெனச்சேன்."

"மூத்தவன் நானுன்னு அவன்கிட்டச் சொல்லுங்க."

"மொதல்ல சொன்னது நானுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

"நடுவுல நான் என்னய்யா, தந்தியா?" என்றவர் எரிச்சலில் சொன்னார்: "ஊதுறவுக ஒருத்தருக்கு, அடிக்கிறவுக ஒருத்தருக்கு. பிரிச்சுக்கிட்டுப் போறீகளா?"

குத்திக்காட்டத்தான் சொன்னார். ஆனால் பெரிய மாமா, "நாயனம் எனக்கு," என்றார். "அப்பத் தவுலு எனக்கு," என்றார் சின்ன மாமா. தாளக்காரர் எந்தப் பக்கம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் பந்தலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா தட்டைத் திண்ணையில் இறக்கி வைத்தாள். நான்காவது முறையும் போயிற்று என்று நான் காதைத் தடவிக்கொண்டேன்.

இரண்டு ஊர்வலமும் கிளம்பின. கோயில் பக்கம் அடியில்லாமல் ஊதினார்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் பாட்டில்லாமல் அடித்தார்கள். காற்று திரும்பும்போது ஒன்று மற்றொன்றின் மேல் தப்பான இடத்தில் வந்து விழுந்தது. எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து, "ஒரு பக்கம் கல்யாணமும் ஒரு பக்கம் சண்டையுமால்ல கேக்குது!" என்று கத்தினாள். முதலில் பொறுக்க முடியாமல்போனது வாசித்தவர்களுக்குத்தான். நாதஸ்வரக்காரர் நடையைக் கூட்டினார். எதிரே தவில்காரரும் கூட்டினார். சீர்த்தட்டு சுமந்த பெண்கள் பழமும் முறுக்கும் சிந்த, பின்னால் ஓடிவந்தார்கள். எங்கள் பந்தலுக்கு நேராக இரண்டும் சேர்ந்தன. தாளக்காரர் எழுந்து ஓடிப்போய் ஒரு தட்டுத் தட்டினார்; அந்த நொடியில் எல்லாம் ஒன்றாயிற்று. தெரு முழுக்கக் கைதட்டியது. மாமாக்கள் இருவரும் மூக்குக்கு மூக்கு நின்றார்கள்.

"யாருய்யா தாய்மாமன்? உக்காருங்க, நல்ல நேரம் போகுது," என்றார் காது குத்த வந்திருந்த ஆசாரி.

பெரிய மாமா போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். சின்ன மாமா நின்றுகொண்டிருந்தார். மேளம்கூட அடங்கிவிட்டது. பெரிய மாமா யாரையும் பார்க்காமல் சற்று நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார்.

"உக்காரச் சொல்லுங்க," என்றார் நாதஸ்வரக்காரரிடம்.

"இன்னமும் நான்தானா!" என்றார் அவர்.

சின்ன மாமா உட்கார்ந்தார். இரண்டு முழங்கால்களும் இடித்துக்கொண்டன. அந்த இரண்டின் மேலும் என்னை உட்கார வைத்தார்கள். வலது காது குத்தும்போது பெரிய மாமா என் தலையைப் பிடித்தார். இடது காதுக்குச் சின்ன மாமா. அன்று அவர்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று உறவினர் சிலர் இப்போது சொல்வது சரியல்ல. நான் நடுவில்தான் இருந்தேன்.

நானும் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அம்மா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். "வலிக்கலம்மா," என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இன்னும் அதிகமாக அழுதாள். குத்துப்பட்ட நானே சொல்லியும் அம்மா நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் வரை அவள் பின்னாலேயே போய், இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன்.