முனியாண்டி வழக்கு எந்த நாட்டு வழக்கு?

நாஸியாவுக்குப் பிடிக்காமல் போகும்படி மோகனப்பிரியா ஒரு பாவமும் செய்யவில்லை. அதுதான் நாஸியாவுக்கு இன்னும் எரிச்சல்.

நாமக்கல்லில் வக்கீல் காளியண்ணனின் ஆபீசில் பல வருஷமாக ஜூனியராக இருப்பவள் நாஸியா. சேலம் கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். லாரி விபத்து நஷ்டஈடு பற்றி அவர் எழுதும் புத்தகத்தின் அடிக்குறிப்பெல்லாம் அவள் பாடு. இந்தியா, இங்கிலாந்து, சிங்கப்பூர் என்று ஒவ்வொரு நாட்டு வழக்கையும் மேற்கோள் காட்டும் முறை வேறு. ஆண்டுக்குச் சதுர அடைப்புக்குறியா, வளைந்த அடைப்புக்குறியா என்று யோசிக்காமல் சொல்வாள்.

போன ஆடியில் மோகனப்பிரியா புது ஜூனியராக வந்தாள். கூடவே ஒரு மென்பொருளையும் கொண்டுவந்தாள். வழக்கின் விவரத்தைப் போட்டு, எந்த நாடு, எந்த நீதிமன்றம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். அடைப்பும் புள்ளியும் தாமே வந்து உட்காரும். நாஸியா வாரக்கணக்கில் மாரடித்த வேலை ஒரே மதியத்தில் முடிந்தது.

"அம்மிணி கெட்டிக்காரிதான் போ!" என்றார் காளியண்ணன். நாஸியாவை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "பொஸ்தகத்துல உதவின்னு ஒருத்தர் பேருதான் போடப்போறன். அச்சுக்குப் போறன்னைக்குச் சொல்றன்."

நாஸியாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மோகனப்பிரியா போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளறினாள். அகப்பட்டது முனியாண்டி வழக்கு. வழக்குப் போட்டவர் முனியாண்டி, எதிர்த்தரப்பு செல்லையா, லாரி விபத்து, எம்.எல்.ஜே. சட்ட இதழ். இந்த ஊரில் எம்.எல்.ஜே. என்றால் மெட்ராஸ் லா ஜர்னல்தான். மோகனப்பிரியாவும் சென்னை உயர் நீதிமன்றம் என்றே தேர்ந்தெடுத்திருந்தாள். நாஸியா அந்த மெட்ராஸ் தொகுதியை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் ஏதோ வாடகைத் தகராறு இருந்தது. பிறகுதான் மண்டையில் உறைத்தது: மலாயன் லா ஜர்னலும் எம்.எல்.ஜே.தான். அதைப் புரட்டினால் அதே பக்கத்தில் வழக்கு இருந்தது. முனியாண்டி மலேசியாவில் ஈப்போ பக்கத்துத் தோட்டத் தொழிலாளி.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அச்சுக்குப் போகும் நாள்வரை அந்தத் தப்பை மிட்டாய் மாதிரி வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள்.

அன்று காளியண்ணன் முன்னால், "சார், மலேசியா வழக்கை மெட்ராஸ் வழக்குன்னு போட்டிருக்காங்க. இதைக் கோர்ட்டுல காட்டினா சிரிப்பாங்க" என்றாள்.

மோகனப்பிரியாவின் முகம் வெளுத்தது. அழப்போகிறாள் என்று நாஸியா காத்திருந்தாள். அவளோ எழுந்துவந்து நாஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளைங்க்கா! நீங்க பாக்கலீன்னா சாரு மானமே போயிருக்குமுங்க. பேரைப் பாத்தே நம்மூருன்னு நெனச்சுப்போட்டனுங்க." பிறகு காளியண்ணனிடம் திரும்பினாள். "சார், அக்கா பேரே போடுங்க. அதுதானுங்க நாயம்."

"நானும் அதையேதான் நெனச்சன்" என்றார் அவர்.

புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் நாஸியாவின் பெயர் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், விட்டுக்கொடுத்தவளின் பெயர்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.