சேர்ந்திருக்கும் குரங்குகளைப் பார்க்கத் திருவொற்றியூர் போனது

எங்கள் கல்லூரி விலங்கியல் துறைக்கு நாட்டுக் குரங்குகள் ஆறு வந்தன. ஆறையும் ஆறு பெட்டிகளில் தனித்தனியே வைத்தோம். பத்து நாளில் ஒன்று தன் முன்கையைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. இன்னொன்று காலை முதல் மாலை வரை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடியது. கூட்டமாக வாழும் பிராணியைத் தனியே அடைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பேராசிரியரிடம் சொன்னேன். "சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று குதறிவிடும். அவை சேர்ந்திருந்து நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். பார்த்ததில்லை. திங்கட்கிழமை தச்சர் வந்து ஆறு தனிக் கூண்டுகளுக்கு அளவெடுப்பார், அதற்குள் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுத்தால் யோசிக்கிறேன் என்றார்.

எங்கே பார்ப்பது என்பதைச் சொன்னவர் அப்பா. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பலில் குரங்கு அனுப்பும் வியாபாரி ஒருவர் திருவொற்றியூரில் கொட்டகை போட்டு, கப்பல் வரும்வரை எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு வைத்திருக்கிறாராம். நான் செவ்வாய்க்கிழமையே கல்லூரித் தாளில், இங்கிலீஷில், மரியாதையாக ஒரு கடிதம் போட்டேன். சனிக்கிழமை கிளம்பினேன்.

புளியந்தோப்பிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை நடை, ஒன்றரை மைல். பஸ் எட்டு மணிக்கு என்றார்கள், எட்டே முக்காலுக்கு வந்தது. கட்டணம் இரண்டணா. டோல்கேட்டில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்தார். எவ்வளவு நேரமாகும் என்று கண்டக்டரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த ஒரு அம்மா கேட்டாள். "தண்ணி ஊத்தணும் ஆயா. அதுக்கும் சூடு ஆறணுமில்ல, இன்னா அவுசரம்?" என்றார் கண்டக்டர். முப்பத்தைந்து நிமிடம் நின்றோம். தேரடியில் இறங்கும்போது மணி பத்து.

அங்கிருந்து கிழக்கே கடலைப் பார்த்து அரை மைல். வழி கேட்கத் தேவையில்லை, வாடை வரும் பக்கம் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு வாடை வரவில்லை. கொட்டகையில் பினாயில் நாற்றம்தான் அடித்தது. தரை கழுவி, சுண்ணாம்பு பூசி, சுவரோரம் பதினான்கு பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெட்டிக்கு ஒரு குரங்கு. மூன்றாவது பெட்டியில் இருந்தது தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்க்க நான் டோல்கேட்டில் வெயிலில் காய்ந்திருக்க வேண்டாம், எங்கள் துறையிலேயே பார்க்கலாம்.

குமாஸ்தா கைகூப்பிக்கொண்டு வந்தார். "தாங்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. வியாழக்கிழமையே எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டோம்."

"ஒன்றாக விட்டிருப்பதாகச் சொன்னார்களே?"

"அதெல்லாம் முன்னே. இப்போது சுகாதாரமாக வைத்திருக்கிறோம்."

என் கடிதத்தைப் பார்த்து, யாரோ அதிகாரி வருகிறாள் என்று, நான் பார்க்க வந்ததையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் அதிகாரி இல்லை என்று சொன்னேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மோர் வரவழைத்தார்.

மோர் கொண்டுவந்தவர்தான் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் தேசம்மா. பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா அந்த ஆபீசரு? தொப்பி போட்டுகினு ஒருத்தன் வருவான்னு இருந்தேன். ஒன்னாலதான் என் புள்ளைங்க ரெண்டு நாளா துன்னாம கீதுங்க."

எனக்குக் கல்லூரித் தமிழ் வரவில்லை. "நான் இன்னா பண்ணுவேன் யக்கா, இதுங்க சேர்ந்து இருக்கறத பாக்கத்தான் வந்தேன். பாக்காம போனா எங்க காலேஜுல கீற ஆறும் பொட்டிலியே கெடந்து சாவும்" என்றேன்.

"அத்த லெட்டர்ல எழுதறதுக்கு இன்னா கேடு ஒனக்கு?" என்றார் தேசம்மா. நியாயம்தான்.

குமாஸ்தா திறக்கமாட்டேன் என்றார். காயம்பட்டால் யார் பொறுப்பு? ஒரு மணி நேரம் இதே கேள்வி. கடைசியில், எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். படித்துவிட்டு, "பதவி?" என்றார். செய்முறை வகுப்பு உதவியாளர் என்று சேர்த்தேன். உடனே சாவியை எடுத்தார்.

தேசம்மா அவசரப்படவில்லை. கொல்லையில் எறிந்திருந்த பழைய மீன்வலைகளை முதலில் கொண்டுவந்து விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். உடைந்த கட்டுமரக் கட்டைகள் இரண்டைச் சாய்த்து வைத்தார். தோலோடு வேர்க்கடலையை வலையில் அங்கங்கே வைத்து முடிச்சுப் போட்டார். "சும்மா தட்டுல போட்டா பெரியவன் துன்னுட்டு மீதிய அடிப்பான். இத்த அவுக்கறதுக்கே பொழுது பூடும், சண்டைக்கு ஏது நேரம்" என்றார். பிறகு கிழட்டுப் பெண்குரங்கைத் திறந்துவிட்டார். அடுத்து அதோடு பழகிய இரண்டை. பிறகு குட்டிகளை. பெரிய ஆணைக் கடைசியில்தான் விட்டார்.

உடனே அமைதியாகிவிட்டதாக எழுத ஆசைதான். ஆண் வந்ததும் ஒரே கூச்சல். ஒன்றின் காது கிழிந்தது. குமாஸ்தா என் தாளை எடுத்து மறுபடி படித்தார். இருபது நிமிடம் கழித்துக் கூச்சல் அடங்கியது. மூன்று மணிக்கு, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த குரங்கு வலையில் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையாலும் ஒரு முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தது. காது கிழிந்ததற்கு இன்னொன்று பேன் பார்த்தது.

திரும்ப ரயிலில் வந்தேன். ஐந்து இருபது வண்டி, ஆறுக்கு வந்தது. பேசின் பிரிட்ஜில் இறங்கினேன்.

இதே காரணத்துக்காகப் போகிறவர்கள் குறைந்தது ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் அரை மணியை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பேராசிரியர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். காலை ரயிலிலேயே போங்கள், அதுவும் தாமதம்தான், ஆனால் நடுவழியில் டீ குடிக்கப் போகாது. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், குரங்குகளுக்கு எதிரே பிரிக்காதீர்கள். பார்த்ததை எழுதும்போது கிழிந்த காதையும் எழுதிவிடுங்கள்.

நான் எழுதினேன். பேராசிரியர் சரியாக அந்த வரியின் கீழேதான் கோடு போட்டார். தச்சர் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். நான் அவர் அறையை விட்டுப் போகாமல் நின்றதால், இரண்டை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கம்பிவலை வைத்து, நாலு நாள் ஒன்றையொன்று பார்க்கவிட்டு, ஐந்தாம் நாள் வலையை எடுத்தேன். முன்கைப் புண் இப்போது காய்ந்து பக்குக் கட்டியிருக்கிறது. பக்கத்துப் பெட்டித் தோழி அதைத் தொடாமல் சுற்றிலும் முடியைக் கோதிவிடுகிறாள்.

மற்ற நாலும் இன்னும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது. நாளைக் காலை மறுபடி போய்ப் பேராசிரியர் அறையில் நிற்கப் போகிறேன்.