அக்காவின் குதிகாலுக்கு ஒரு வெளிச்சம்

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஜாக்கெட் அளவுகள்தான். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்காதவள் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் ஒரு தையல் கடையில் கொக்கி வைப்பதும் ஹெம்மிங் போடுவதும் என் பிழைப்பு. பட்டினப்பாக்கத்தில் அக்காவோடு இருக்கிறேன். அவள் ரோட்டோரம் மீன் விற்பவள். எங்கள் இருவருக்கும் வேறு யாரும் இல்லை. இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது இடது குதிகாலின் உள்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மீன் கறை என்று நினைத்துத் தேய்த்தேன். போகவில்லை.

அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் இழுத்துப்போனேன். அந்த அம்மா கண்ணாடி வைத்துப் பார்த்து, ஸ்கேல் வைத்து அளந்தார். ஆறு மில்லி.

"இப்பவே வெட்ட வேண்டாம். வளருதான்னு பார்க்கணும். பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை கிட்டத்துல போட்டோ எடுங்க, ஒன்றரை மாசம் கழிச்சு வாங்க. ஒரே வெளிச்சம், ஒரே தூரம். வளர்ந்தா எடுத்துச் சோதிக்கணும்."

"எட்த்தா எத்தினி நாள் குந்தணும்?" என்றாள் அக்கா.

"குதிகால் ஆச்சே. ஒரு மாசம் ஊன முடியாது."

"எடுக்காம வுட்டா?"

"கெட்டதா இருந்தா உடம்புக்குள்ள பரவிடும்மா."

பஸ் ஏறினோம். எனக்கு 'ஒரே வெளிச்சம்' என்ற வார்த்தை மட்டும் மண்டையில் நின்றது. அது எவ்வளவு கஷ்டம் என்று தையல்காரிக்குத் தெரியும். டியூப்லைட்டில் ஒத்துப்போகும் லைனிங் துணி வாசலுக்கு எடுத்துப்போனால் வேறு நிறமாகிவிடும்.

போனில் கவ்வும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கினேன். போனின் பிளாஷைப் போட்டால் தோல் பளபளத்து, புள்ளியின் பாதி அந்தப் பளபளப்பில் காணாமல் போனது. ஜன்னல் பக்கம் எடுத்தால் என் கையின் நிழல் விழுந்தது. கடைசியில் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டேன். கவிழ்த்துவைத்து, மேலே லென்ஸ் நுழைய ஓட்டை. பக்கத்துக்கு ஒன்றாக, கால் நுழைய இரண்டு வளைவு. உள்ளே சுற்றிலும் வெள்ளை எல்இடி பட்டை. அதன் முன்னால் வெள்ளை லைனிங் துணி இரண்டு மடிப்பு, வெளிச்சம் நேராக அடிக்காமல் மெத்தென்று விழ. டப்பாவின் உயரம்தான் தூரம், அது மாறவே மாறாது. அளவுக்கு முதலில் தையல் டேப்பை வெட்டி ஒட்டினேன். டேப்பு நாளாக நாளாக இழுபடும் என்பது நினைவு வந்து, அதைப் பிய்த்துவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்கேலின் துண்டை ஒட்டினேன்.

பிளக்கில் சொருகி எடுத்தபோது படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது என்று போன் கடைக்காரர் சொன்னார். பவர் பேங்கில் போட்டதும் பட்டைகள் போயின.

"இன்னாடி இது, என் காலுக்குக் கோழிக்கூடு கட்டிக்கினு கீற?" என்றாள் அக்கா.

"ஆடாம இரு, அக்கா."

"மீனைக் கூட இப்டி யாரும் போட்டா புடிக்கல. வெல சொல்லு, நானே என் கால வித்துட்டுப் போறேன்."

முதல் மூன்று படங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எடுத்தேன். ஸ்கேலில் ஒரு கோடு ஒரு மில்லி. ஆறு கோடு, ஆறு கோடு, ஆறு கோடு. ஒவ்வொரு தடவையும் எண்ணி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டேன்.

நாலாவது படம் எடுக்க வேண்டிய ஞாயிறன்று முகூர்த்த வேலை என்று கடையில் பிடித்துவைத்துவிட்டார்கள். டாக்டரைப் பார்க்க வேண்டியது புதன்கிழமை. செவ்வாய் சாயங்காலம் டப்பாவை வைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி கருகலாக, ஓரமெல்லாம் பழுப்பு படர்ந்து, வேறு யாருடைய காலோ போல இருந்தது.

"இன்னா? மூஞ்சி ஏன் அப்டி ஆவுது? காட்டு." போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் முகத்திலும் ரத்தம் இல்லை. அப்புறம் தன் காலையே உற்றுப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். "அடி கூமுட்ட! இன்னிக்கி செவ்வாக்கெழம. மஞ்சா பூசிக் குளிச்சிக்கீறேன்!"

உண்மைதான். குதிகால் வெடிப்பெல்லாம் மஞ்சள். தோல் மஞ்சளானதும் போன் தானாக நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவி, கடலைமாவு போட்டு, நாரால் அழுத்தாமல் தேய்த்தேன். மூன்று தடவை. மஞ்சள் படத்தை அழித்துவிட்டு, கால் காய்ந்ததும் மறுபடி எடுத்தேன். கருகல் போயிருந்தது. பழுப்பும் போயிருந்தது.

"பாத்தியா? ஒரு நிமிசத்துல பாடை கட்டிட்ட நீ" என்று சொல்லிவிட்டு அக்கா உலை வைக்கப் போனாள். பாட்டு கூடப் பாடினாள்.

நான் கோடுகளை எண்ணினேன். ஏழு.

மறுபடி எண்ணினேன். ஆறு கோடு வரை பழைய வட்டம். அதற்கப்பால் ஒரு பக்கம் மட்டும், தையல் பிரிந்த நூல் மாதிரி, ஏழாவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிழலாக இருக்கலாம் என்று நினைத்தேன். நிழல் என்றால் டப்பாவைத் திருப்பினால் அதுவும் திரும்ப வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு, டப்பாவை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவைத்து எடுத்தேன். நூல் காலில் அதே பக்கம்தான் இருந்தது.

"அக்கா, ஒரு கோடு ஏறிக்கீது."

அவள் கரண்டியோடு நின்றாள். "மஞ்சாதான்னு இப்பத்தான பாத்த?"

"நெறம் மஞ்சா. இது நீளம்."

அடுப்பைத் தணித்தாள். பிறகு மெதுவான குரலில் சொன்னாள்: "த பார். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சி இப்பத்தான் போட்டு கடலுக்குப் போவுது. வஞ்சரம் வர்ற நேரம். ஒரு மாசம் குந்திக்கினா என் எடத்துல வேற ஒர்த்தி கடை போட்டுக்குவா. டாக்டருகிட்ட மொத மூணு படத்தக் காட்டு. இது அடுத்த தபா."

நான் பதில் சொல்லவில்லை. சண்டை போட எனக்கு வராது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை டாக்டர் அறையில் போன் என் மடியில் இருந்தது. அவர் கேட்டதும் கொடுத்தேன். முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. "நல்லா எடுத்திருக்கீங்களே, எப்படி?" என்றார். டப்பா என்றேன். அக்கா அதற்குள் செருப்பில் கால் நுழைத்துவிட்டாள்.

"மாறலையே. அப்போ இன்னும் மூணு மாசம்..."

அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை, அழுத்தியது.

"நாலாவது ஒண்ணு இருக்குங்க, டாக்டர்" என்றேன். "நேத்து எடுத்தது. அடுத்து வருது பாருங்க."

டாக்டர் விரலால் தள்ளினார். பெரிதாக்கினார். மூன்றாவதற்குப் போய்த் திரும்பி வந்தார்.

"வெளிச்சம் மாத்தினீங்களா?"

"இல்லீங்க. மஞ்சளைக் கழுவிட்டுத்தான் எடுத்தேன். டப்பாவைத் திருப்பியும் ஒண்ணு எடுத்தேன். அதுவும் இருக்கு."

அதையும் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, கண்ணாடி வைத்துக் காலையும் பார்த்தார். அக்கா என் முழங்கையை விட்டாள்.

"நாளைக்குக் காலையில வந்துடுங்கம்மா, எடுத்துடலாம்."

ஆட்டோவில் அக்கா கடல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "நல்லா தொறந்த வாய. அம்பது வருசமா மூடிக்கினு இருந்தத, இன்னிக்கித்தான் தொறக்கணுமா?" என்றாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். ஆறு தையல். சதையைச் சோதனைக்கு அனுப்பினார்கள், பதில் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். மதியம் அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நான் தையல் கடைக்குப் போனேன். பதில் இன்னும் வரவில்லை.