பத்தாவது தடவை

கணக்கு மெஷின் ரிப்பேர் என்றால் அந்த நகரத்தில் ஒரே ஒரு ஆள்தான். கம்பெனியிலிருந்து பெரிய படிப்புக்காரர்கள் பெட்டியும் கையுமாக வந்து, கழற்றிப் பார்த்து, முழித்துவிட்டுப் போன மெஷின்களை எல்லாம் இவர் ஒரே ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஓட வைத்தார். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி வருஷம் போகவில்லை. பதின்மூன்று வயதில் ஆபீஸ் மெஷின் கடைக்குத் தரை கூட்டப் போனவர், இருபத்தைந்தில் அதே கடையில் தலைமை மெக்கானிக். யார் சிபாரிசும் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, கை அப்படி. எல்லாருக்கும் அவர் மெஷின்காரர். மனைவியே பக்கத்து வீட்டில் பேசும்போது "எங்க வீட்டு மெஷின்காரர்" என்றுதான் சொல்வாள்.

எழுபத்திரண்டு வயதாகியும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அன்றைக்கே பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவார். கியாரண்டி போயிடுமே என்று மகள் கத்துவாள். "கியாரண்டி எல்லாம் திறக்கத் தெரியாதவனுக்கும்மா" என்பார். செத்துப்போன பேட்டரியா, உயிர் உள்ளதா என்று நாக்கில் வைத்தே சொல்லுவார். வீட்டில் உள்ள ஒவ்வொரு வயருக்கும் வெள்ளை நாடாவில் பட்டைப் பேனாவால் எழுதி ஒரு லேபிள் ஒட்டியிருப்பார். 'ஃப்ரிட்ஜ்.' 'இதைப் பிடுங்காதே.' 'இதைப் பிடுங்கினால் என்னிடம் சொல்.'

எல்லாவற்றையும்விட அவருக்குப் பெருமை, உள்ளங்கை அளவே உள்ள ஒரு கறுப்புப் பெட்டி. ஹார்ட் டிஸ்க். ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டிலிருந்த காகிதம் அத்தனையையும் ஸ்கேன் செய்து அதற்குள் போட்டார். ரசீது, சான்றிதழ், மருந்துச் சீட்டு என்று ஒன்று விடவில்லை. போட்டு முடித்ததும் காகிதங்களைக் கிழித்து மூட்டை கட்டிவிட்டார். மனைவி மூட்டையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"ஆஸ்பத்திரிச் சீட்டையாவது விட்டு வைங்களேன்."

"காகிதம் நனையும், கரையான் திங்கும், தொலஞ்சும் போகும். இந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது."

கம்ப்யூட்டரில் இருந்த நகலையும் அழித்தார், எவனாவது திருடிவிடுவான் என்று. பெட்டிக்கு எட்டு எண்ணில் ஒரு பூட்டு. பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் தானாக அழிந்துவிடும். அந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். "பத்துத் தடவ தப்பாப் போடுறவன் வீட்டுக்காரனா இருக்க மாட்டான், திருடனாத்தான் இருப்பான்" என்று வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவருடைய பழைய கம்ப்யூட்டர் புகை விட்டு அடங்கியது. செவ்வாய்க்கிழமை மனைவியின் வயிற்று வலிக்குப் பித்தப்பைக் கல்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். வியாழக்கிழமை காலையிலேயே ஆபரேஷன், தள்ளிப் போட முடியாது.

"இதுக்கு முன்னால மயக்க மருந்துல ஏதாவது தொந்தரவு வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

வந்திருக்கிறது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் போட்ட ஊசியில் முகம் வீங்கி, மூச்சு நின்று, அவள் போய்விட்டாள் என்றே நினைத்தார்கள். பிழைத்து எழுந்த பிறகு அந்த டாக்டர், இந்த மருந்தை இந்த அம்மாவுக்கு இனி எப்போதும் கொடுக்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருந்தின் பெயர் மெஷின்காரருக்கும் ஞாபகம் இல்லை, அவளுக்கும் இல்லை. அந்த ஆஸ்பத்திரியை இடித்து வேறு கட்டடம் கட்டியே பத்து வருஷமாகிறது.

"அந்தச் சீட்டு கெடைச்சா எனக்கு நிம்மதி. இல்லேன்னா எதைக் கொடுக்கிறதுன்னே யோசிக்கணும்" என்றார் டாக்டர்.

"என்கிட்ட இருக்கு சார். பத்திரமா இருக்கு. வீட்டுக்குப் போனதும் அனுப்பிடறேன்" என்று மார்தட்டிவிட்டு வந்தார் மெஷின்காரர்.

புதன்கிழமை மதியம். மகளின் லேப்டாப்பில் பெட்டியைச் செருகினார். லேப்டாப் கீபோர்டில் பக்கவாட்டில் எண் விசைகள் கிடையாது. பழைய கீபோர்டின் வட்ட முனையும் அதில் ஏறாது. ஆனால் திரையிலேயே எண் கட்டங்கள் வந்தன, விரலால் தொட்டால் போதும். என்ன பெரிய விஷயம்? அவருடைய பூட்டு ஒரு எண்ணே இல்லை, அது ஒரு ஓட்டம். ரிப்பேர் பார்த்த ஒவ்வொரு மெஷினையும் மூடுவதற்கு முன்னால் எல்லா விசையும் சரியாக விழுகிறதா என்று பார்க்க, வலது கை தானாக ஓடும் ஓட்டம். நாற்பது வருஷம், ஆயிரக்கணக்கான மெஷின்கள். விசையைப் பார்த்து அடிக்கிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவருடைய கொள்கை.

பார்க்காமல் அடித்தார். தவறு என்றது.

மறுபடி அடித்தார். தவறு. மூன்றாவது தடவையும் தவறு.

"பெட்டி கெட்டுப் போச்சு" என்றார்.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்களேப்பா" என்றாள் மகள். அவள் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளர், நாற்பது வயது, அம்மாவுக்காக மூன்று நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

நான்காவதும் ஐந்தாவதும் மெதுவாக அடித்தார். எண்ணைத் திரையில் காட்டாது, கறுப்புப் புள்ளிகள்தான் வரும். இரண்டும் தவறு. அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஒருவேளை ஓட்டத்தை வைக்காமல் ஏதாவது தேதியை வைத்துவிட்டோமோ? கல்யாணத் தேதியைப் போட்டார். மகள் பிறந்த தேதியைப் போட்டார். கடையில் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் போட்டார். எட்டு முடிந்தது.

"அம்மா பொறந்த தேதியா இருக்குமோ?" என்றாள் மகள்.

சட்டென்று அதையும் போட்டார். தவறு.

உள்ளறைக் கட்டிலில் சுருண்டு படுத்திருந்த மனைவி அங்கிருந்தே கேட்டாள். "என்ன தேதி போட்டீங்க?"

சொன்னார்.

"அது உங்க அக்கா பொறந்த தேதி."

மகள் லேப்டாப்பை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். திரையில் சிவப்பு எழுத்தில், இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று நின்றது.

அந்த வீட்டில் மெஷின்காரர் கை தோற்றதே இல்லை. எத்தனை பேருடைய போனைத் திறந்து கொடுத்திருக்கிறார்! மனைவி முனகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த வீங்கிய முகம் கண் முன்னால் வந்தது. நாளைக்கு அதே மருந்தை வேறு பெயரில் கொடுத்துவிட்டால்? ஒரு மூட்டைக் காகிதத்தைத் தன் கையாலேயே கிழித்தாரே, அதில் ஒரே ஒரு சீட்டை விட்டு வைத்திருந்தால்?

மனசு சரியில்லை என்றால் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அலமாரியிலிருந்து பழைய கணக்கு மெஷினை இறக்கித் துடைப்பார். தலையில் காகிதச் சுருள் வைத்து, கூட்டுகிற எண்ணை எல்லாம் அச்சடித்துத் துப்புகிற வகை. கடையை மூடிய அன்றைக்கு முதலாளி கொடுத்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். துணியால் துடைத்தார். வழக்கம்போலக் கை ஓடியது, கடைசியில் கூட்டல் விசையில் விழுந்தது. மெஷின் டர்ர் என்று ஒரு வரி அச்சடித்தது.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

சுருளில் எட்டு எண்கள். நாற்பது வருஷமாகக் கை போட்ட எண்ணை நின்று படித்துப் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஏழில் ஆரம்பித்தது. எழுந்துபோய் லேப்டாப் திரையின் மேல், தொடாமல், விரலைக் காற்றில் வைத்துப் பார்த்தார். ஓட்டம் ஆரம்பிக்கும் இடம் மேல் வரிசையில் இடது மூலை. அங்கே திரையில் இருந்த எண் ஒன்று.

கணக்கு மெஷினில் மேல் வரிசை ஏழு, எட்டு, ஒன்பது. போனில் மேல் வரிசை ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய கம்ப்யூட்டர் கீபோர்டு கணக்கு மெஷின் மாதிரி. இந்தத் திரை போன் மாதிரி. இதை இவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்! 'மேலயும் கீழயும் ஏன் மாத்தி வச்சிருக்கான் தெரியுமா?' என்று கேட்டு, தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்றார். சந்தோஷத்தில் மறுபடி மெஷினில் ஓட்டிப் பார்த்தார். டர்ர். ஐந்தாவது எண் மாறியிருந்தது. இன்னொரு தடவை ஓட்டினார். இப்போது கடைசி இரண்டும் மாறின. நினைத்து நினைத்து அடித்ததில் கை திக்கியது. மூன்று வரி, மூன்றும் வேறு வேறு. எது நிஜம்?

"மொதல்ல வந்ததுதான்பா சரியா இருக்கும்" என்றாள் மகள்.

"இருக்கும்னு சொல்லி ஒங்கம்மா உசிரைப் பணயம் வெக்கச் சொல்றியா?"

கட்டிலிலிருந்து மனைவி பேசினாள்.

"ஏங்க, இந்த மெஷினைத் துடைக்கும்போதெல்லாம் அந்த நம்பரை எப்படி அடிப்பீங்க? என்கூட சண்ட போட்டுக்கிட்டேதானே அடிப்பீங்க?"

"நான் எப்பவும் சண்ட போடல. நீதான்…"

"நான்தானா? அந்த ஷூ டப்பா நெறைய எதுக்கு சார்ஜர்? செத்த போனுக்கு எதுக்கு சாப்பாடு?"

"அது ஒரு நாள் உபயோகப்படும்."

"ஆமாமா. மிக்ஸியைத் திறந்து பாத்தீங்க, அன்னைலேர்ந்து அது சுத்துறதைவிடக் கத்துறதுதான் அதிகம்."

"பேரிங் மாத்தினது யாரு? நான் மாத்தலேன்னா அது அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும்!"

"அக்கா பொறந்த தேதி ஞாபகம் இருக்கு. கட்டினவ பொறந்த தேதி ஞாபகம் இல்ல."

"ஒங்க வீட்டுலதான் ஆளுக்கொரு தேதி சொன்னாங்களே, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்!"

வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் விடாமல் கேள்வி கேட்டாள். அவரும் விடாமல் பதில் கொடுத்தார். கை தன்பாட்டில் ஓட, மடியில் மெஷின் டர்ர், டர்ர் என்று துப்பிக்கொண்டே இருந்தது. மகள் குனிந்து சுருளைக் கிழித்தாள். ஆறு வரிகள். ஆறும் ஒன்றுபோல. முதன்முதலாக வந்த அதே எண்.

"போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் மகள்.

லேப்டாப்பைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். மெஷின்காரர் விரலை நீட்டினார். விரல் ஆடியது. மடக்கி, உதறி, மறுபடி நீட்டினார். இன்னும் ஆடியது. மேலே தொட வேண்டிய விரல் கீழே தொட்டுவிட்டால் அவ்வளவுதான்.

"நகருங்க" என்றாள் மனைவி. "நான் அமுக்குறேன்."

"நீயா? நீ ரிமோட்டையே தலகீழாப் பிடிப்ப."

"என் உசிருதானே? நீங்க படிங்க, நான் அமுக்குறேன்."

நாற்பத்திரண்டு வருஷத்தில் அவருடைய சாமான் ஒன்றை அவள் தொட அவர் விட்டதில்லை. மகள் அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். அவர் சுருளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்தார்.

"ஏழு."

அவள் தேடிப் பார்த்து அமுக்கினாள்.

"ஒண்ணு."

"அமுக்கியாச்சு."

"ஒம்போது. பாத்து, பாத்து! கீழ் வரிசை."

"கண்ணு தெரியுது எனக்கு. மேல சொல்லுங்க."

எட்டுப் புள்ளியும் வந்தன. திறக்கும் விசையைத் தொடுவதற்கு முன்னால் அவள் ஒரு தடவை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள்ளும் அந்தச் சிவப்பு எழுத்தே நின்றது.

"அப்பா" என்றாள் மகள். "தெறந்துடுச்சுப்பா."

கண்ணைத் திறந்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். 'ஆஸ்பத்திரி' என்று அவர் பெயர் வைத்த இடத்தில் முந்நூறு. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, ஸ்கேன் பண்ணாமலே கிழித்துவிட்டோமோ என்று புதுசாக ஒரு பயம் பிடித்தது. நூற்றுப் பதினேழாவதாக வந்தது அந்தச் சீட்டு. கோணலாக, ஒரு மூலை மடிந்து. பழைய டாக்டரின் கிறுக்கல், அடியில் இரண்டு கோடு போட்ட அந்த மருந்தின் பெயர்.

மகள் அதை டாக்டருக்கு அனுப்பினாள். மூன்று பேரும் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து டாக்டரே கூப்பிட்டார். "நல்லவேளை. நாளைக்குக் கொடுக்க நெனச்சிருந்த மருந்து இந்த வகைதான். மாத்திடறேன். பத்திரமா வச்சிருந்தீங்களே, பெரிய விஷயம் சார்."

வேறொரு நாளாக இருந்தால் மெஷின்காரர் அந்த ஒரு வார்த்தையை வைத்து ஒரு மாசம் ஓட்டியிருப்பார். அன்றைக்கு "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அப்புறம் எழுந்துபோய் வெள்ளை நாடாவையும் பட்டைப் பேனாவையும் எடுத்துவந்தார்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் தள்ளுவண்டியை நிறுத்தி, மனைவியின் முன்கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் மருந்தின் பெயர் பெரிய பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே: 'இது கூடாது.' அதற்கும் கீழே: 'சந்தேகம் இருந்தால் வெளியே என்னிடம் கேள்.'

"யாரும்மா இது ஒட்டினது?"

"எங்க வீட்டு மெஷின்காரர்" என்றாள் அவள். "பின்பக்கத்தைத் திறந்து பாக்காம விட்டாரேன்னு சந்தோஷப்படுங்க."

நர்ஸ் சிரித்தாள், மகளும் சிரித்தாள். மெஷின்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி உள்ளே போகும்போது கூடவே நாலடி நடந்து, லேபிளின் ஓரத்தை இன்னொரு தடவை கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் கையை எடுத்தார்.