ஏசிக்கு நான் கட்டிய உறை

இன்று ஆவடி பேருந்தில் ஏசி மெக்கானிக் பாஸ்கரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் சேக்காடு வீட்டில் பழைய ஜன்னல் ஏசி ஒன்று இருந்தது. கோடை முடிந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவேன். நான் வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலையில் ஓடாத இயந்திரத்தை அப்படித்தான் வைப்போம்.

ஒரு வருடம் உறையைப் பிரித்து ஓடவிட்டதிலிருந்து மனைவிக்கு இருமல், மூச்சிரைப்பு. வெள்ளையடித்த தூசி என்று நான் சாதித்தேன். குளிர் போதவில்லை என்றுதான் பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

அவர் முன்மூடியைக் கழற்றி வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தார். துணி கறுத்துவிட்டது.

"ஈரத்தோட கட்டி வச்சிகீறீங்க சார். உள்ள பூஞ்சை புடிச்சிகீது. அம்மா மூச்சுல இதான் போவுது."

"ஃபேக்டரியில முப்பது வருஷமா இப்படித்தாம்பா கட்டுறோம்."

"அந்த மெஷின் காத்த மோந்துகினு யாரும் தூங்கல சார்."

"கேஸ் மட்டும் அடிச்சிட்டுப் போ" என்றேன்.

"கழுவாம சுவிட்ச் போட வுட மாட்டேன்" என்று பிளக்கைப் பிடுங்கினார். மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்க் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே மாட்டினார். சில நாட்களில் மனைவியின் மூச்சிரைப்பு அடங்கியது. என்னிடம் வாதாடி ஜெயித்த ஒரே மனிதர் அவர்தான்.

இன்று பேருந்தில் அவர் முதலில் கேட்டது, "அம்மா எப்டிகீறாங்க?" அடுத்தது, "இன்னும் கட்றீங்களா சார்?"

"நல்லா இருக்கா. காயவச்சுத்தான் கட்டுறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார்.

காய்ந்த ஏசிக்கு உறை போட்டால் என்ன தவறு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாஸ்கரைக் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டாம்.