வரைபடத்தில் வெள்ளையாக இருந்த மூலை

ஓசூருக்கு வெளியே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓர் ஏரியின் தண்ணீர்ச் சோதனை முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதை வைத்துத்தான் ஏரிப் புறம்போக்கில் குடிநீருக்கு எங்கே போர்வெல் போடுவது என்று கமிட்டி முடிவு செய்யும். தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்களின் காலனிக்குப் போக வேண்டிய தண்ணீர்.

கிழக்கு மூலையில் ஒரு கழிவுக் கால்வாய் வந்து விழும். நுரை பொங்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் என் கணினியில் அந்த மூலைக்கு மட்டும் ஓர் எண்கூட இல்லை. மாதிரி எடுக்கும் ஊழியரைக் கேட்டேன்.

"அங்க நின்னா போன்ல ஆப்பு 'எல்லைக்கு வெளியே'ன்னு காட்டுது சார். அதான் இந்தாண்ட வந்து எடுத்துடறேன்."

ஆப்பில் யாரோ எல்லைக் கோட்டைக் கோணலாக இழுத்ததில் அந்த மூலை கர்நாடகத்துக்குப் போயிருந்தது. திருத்தச் சொல்லி எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. நானே கேனில் பிடித்துக்கொண்டு போனேன். ஆப்பில் ஏறாத தண்ணீரைச் சோதிக்க முடியாது என்று லேபில் திருப்பி அனுப்பினார்கள். வந்த ஆத்திரத்தில் கேனை அந்த மேசையிலேயே கவிழ்த்திருப்பேன்.

'கிழக்கு மூலை சோதிக்கப்படவில்லை, அங்கே போர் வேண்டாம்' என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டேன். கூட்டத்தில் அதை யார் படித்தார்கள்? திரையில் ஓடிய வரைபடத்தைத்தான் பார்த்தார்கள். கெட்ட இடம் சிவப்பு, சுமாரான இடம் மஞ்சள். எண்ணே இல்லாத கிழக்கு மூலை வெள்ளை.

"இங்க ஒண்ணுமே இல்லியே, கிளீனா கீது. இங்கயே போட்டுடலாம்" என்றார் தலைமை அதிகாரி.

"டெஸ்டே பண்ணாத இடம் சார். ஆப்புல அது கர்நாடகா."

"கர்நாடகாவா? சர்வேயர் அளந்து கல்லு நட்டாச்சு. நம்ம இடம்தான்."

போர் போடத் தமிழ்நாடு, சோதிக்கக் கர்நாடகம்! கத்தியே சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். டீ வந்தது, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

மோட்டார் போட்ட அன்று தடுக்கலாம் என்று ஓடினேன். தேங்காய் உடைத்து முடித்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி சொம்பு நிறைய நீட்டினாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

"டெஸ்டு எழுதினது நீங்கதான்னு பெரிய சார் சொன்னாவ, மொத தண்ணி ஒங்களுக்குத்தான் சார்."

"குடிக்காதீங்கம்மா, யாருக்கும் குடுக்காதீங்க."

அவள் இடுப்பிலிருந்த குழந்தையின் வாய் ஏற்கெனவே நனைந்திருந்தது.

"நல்ல தண்ணின்னு நீங்கதான எழுதிக் குடுத்தீய?" என்றாள்.